ஹங்கேரிக் குண்டும் வெள்ளவத்தைத் தராசும்

மூன்று கிலோகிராம் என்று பொறிக்கப்பட்ட இரும்புக் குண்டு ஒன்றை இணையவழிக் கடையொன்றில் வாங்கினேன். வெள்ளவத்தைச் சந்தையில் மரக்கறி நிறுக்கும் தராசு அதனை 2 கிலோ 810 கிராம் என்று காட்டியது. குறைந்துபோன 190 கிராமுக்காக இவ்வளவு நீளமாக எழுத வேண்டுமா என்று கேட்பவர்கள் இருக்கலாம். கத்தரிக்காயில் 190 கிராம் குறைந்தால் அன்றைய கறி சற்றுச் சிறுக்கும், அவ்வளவுதான். குண்டு போடுதலுக்கான குண்டோ எடையைத் தவிர விற்பதற்கு வேறெதுவும் இல்லாத பொருள். அதற்கு மின்கலம் இல்லை, உத்தரவாத அட்டை இல்லை, பயன்படுத்தும் முறை எழுதிய கையேடு இல்லை. எடை பிழைத்தால் பொருளே பிழைத்தது என்றுதான் கொள்ள வேண்டும்.

வாங்கியது என் தம்பியின் மகளுக்காக. அவளுக்குப் பதினாறு வயது. கொழும்பில் தமிழ் மொழி மூலப் பாடசாலையொன்றில் தரம் 11 படிக்கிறாள். இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு ஆள் குறைகிறது என்பதற்காக உடற்கல்வி ஆசிரியை அவளைக் குண்டு போடுதலில் சேர்த்துவிட, அரைமனதோடு போனவள் ஒரு மாதத்துக்குள் அதைத் தவிர வேறெதையும் பேசாதவளாகிவிட்டாள். அந்த மாற்றத்துக்குக் காரணம் ஆசிரியை அல்லர், நானும் அல்லேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் கைப்பேசியை என் பக்கம் திருப்பி, "பெரியப்பா, இவவைப் பாருங்கோ" என்று அவள் காட்டிய ஹங்கேரிப் பெண்தான் காரணம்.

அந்தப் பெண் அனிட்டா மார்ட்டொன். 2016 ஆகஸ்ட் 12 அன்று ரியோ டி ஜெனீரோவில் நடந்த ஒலிம்பிக் பெண்கள் குண்டு போடுதல் இறுதிப் போட்டியின் துண்டுக் காணொளி அது. அமெரிக்காவின் மிஷெல் காட்டர் தமது கடைசி முயற்சியில் 20.63 மீற்றருக்குப் போட்டு, இரண்டு ஒலிம்பிக் தங்கங்களை ஏற்கெனவே வென்றிருந்த நியூசிலாந்தின் வலரி ஆடம்ஸை 20.42 மீற்றரோடு இரண்டாம் இடத்துக்குத் தள்ளிய போட்டி என்பதால், உலகம் அதை அந்தக் கடைசி எறிதலுக்காகவே நினைவில் வைத்திருக்கிறது. என் பெறாமகளோ தங்கத்தையும் வெள்ளியையும் விட்டுவிட்டு, 19.87 மீற்றர் போட்டு ஹங்கேரியின் தேசியச் சாதனையோடு வெண்கலம் வென்றவரைப் பிடித்துக்கொண்டாள். ஏன் என்று கேட்டதற்கு, "அவவின்ர முகத்தைப் பார்க்கேக்க எனக்கும் ஏலும் மாதிரி இருக்கு" என்றாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

பிறகு அவளே தேடித் தேடி எனக்குச் சொன்னவற்றைச் சரிபார்த்தேன். பெரும்பாலும் சரியாகவே இருந்தன. மார்ட்டொன் 1989 இல் செகெட் என்னும் நகரில் பிறந்தவர். 2015 இல் பிராக் நகரில் நடந்த ஐரோப்பிய உள்ளரங்கப் போட்டியில் தங்கம் வென்றார். 2017 இல் லண்டன் உலகச் சம்பியன் போட்டியில் சீனாவின் கொங் லிஜியாவோவுக்கு அடுத்ததாக வெள்ளி பெற்றார். 2018 மார்ச்சில் பேர்மிங்காமில் 19.62 மீற்றர் போட்டு உலக உள்ளரங்கச் சம்பியனானார். ஹங்கேரிக்கு இந்த விளையாட்டு புதிதன்று. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் வில்மொஸ் வர்யூ என்பவர் ஆண்கள் பிரிவில் வெண்கலம் வென்றிருக்கிறார். ஆனால் வர்யூவின் காலத்தில் இலங்கையர் ஒருவர் அவரைப் பார்க்க வேண்டுமானால் மைதானத்துக்கே போயிருக்க வேண்டும். மார்ட்டொனைக் காலி வீதியில் 100 ஆம் இலக்க பஸ்ஸுக்கு நின்றபடியே பார்த்துவிடலாம். இடையில் ஒரு சிறு விடயம்: ஹங்கேரியர்கள் குடும்பப் பெயரை முன்னால் வைத்து மார்ட்டொன் அனிட்டா என்றே எழுதுவார்களாம். தகப்பன் பெயரை முன்னால் வைத்தே எழுதிப் பழகிய எங்களுக்கு அது வேற்று வழக்கமாகத் தெரியவில்லை. கோலூன்றிப் பாய்தலில் இலங்கைச் சாதனைகள் படைத்த எங்கள் ஜெகதீஸ்வரன் அனித்தாவின் பெயரோடு பெயர் ஒட்டிப்போவதில் வீட்டில் எல்லோருக்கும் ஒரு மகிழ்ச்சி.

இந்த விளையாட்டுக்கு இணையத்தில் இவ்வளவு பார்வையாளர்கள் சேர்வதற்கு ஒரு காரணம் அதன் அளவு என்று நினைக்கிறேன். கையில் வெள்ளைப் பொடி பூசுவது, குண்டைக் கழுத்தில் அணைப்பது, வட்டத்துக்குள் பின்புறமாகக் குனிவது, பாய்வது, கத்துவது, குண்டு மண்ணில் விழுவது, நடுவர் வெள்ளைக் கொடி காட்டுவது என்று முழு நாடகமும் பதினைந்து வினாடிக்குள் முடிந்துவிடுகிறது. வட்டத்தின் விட்டமே 2.135 மீற்றர்தான், கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்தாலும் ஆள் முழுதாகத் தெரிகிறார். மரதன் ஓட்டத்தை அப்படி யாரும் வட்ஸ்அப்பில் அனுப்ப முடியாது. ஆனால் அந்தப் பதினைந்து வினாடியில் ஒன்று மட்டும் வராது. பெண்களுக்கான குண்டு நான்கு கிலோ. திரையில் அது தோடம்பழம் போலத்தான் தெரியும். தோடம்பழத்தை எறிவதற்கு ஏன் இவ்வளவு பெரிய சத்தம் என்று என் மனைவி கேட்டதில் நியாயம் இருந்தது.

என் பெறாமகள் இதைப் பிடித்துக்கொண்டதற்கு இன்னொரு காரணம் எங்கள் மொழியோடு சம்பந்தப்பட்டது. எண்பதுகளில் யாழ்ப்பாணத்தில் நான் படித்தபோது, ஓடத் தெரியாத, பாயத் தெரியாத, உடம்பு சற்றுப் பருத்த பிள்ளைகளைத்தான் குண்டு போட அனுப்புவார்கள். பொருளுக்கும் குண்டு என்று பெயர், பருத்த உடம்புக்கும் குண்டு என்று பெயர். கேலி செய்பவனுக்கு வேறு முயற்சியே தேவைப்படவில்லை. பெண் பிள்ளையென்றால் அந்தப் பெயர் பாடசாலை விட்டுப் போகும்வரை ஒட்டிக்கொண்டிருக்கும். என் பெறாமகளும் தோள் அகன்ற பிள்ளை. கல்யாண வீடுகளில் சொந்தக்காரர் அவள் கையைத் தொட்டுப் பார்த்துச் சொல்லும் வசனங்களை நான் இங்கே எழுத விரும்பவில்லை. மார்ட்டொனின் காணொளிகளைப் பார்க்கத் தொடங்கிய பிறகு, அதே தோளைக் கண்ணாடியில் பக்கவாட்டாகத் திரும்பிப் பார்த்து அளக்கிறாள். இணையப் புகழைப் பற்றி எனக்குப் பொதுவாக நல்லெண்ணம் கிடையாது. இந்த ஒரு விடயத்தில் வாயை மூடிக்கொள்கிறேன்.

கடைக்கு வருகிறேன். பிள்ளை வீட்டில் பயிற்சி செய்ய ஒரு குண்டு வேண்டுமென்று கேட்ட இரண்டாம் நாளே, முகநூலில் அதே குண்டு எனக்கு விளம்பரமாக வந்து நின்றது. எப்படி வந்தது என்பதைச் சின்னப்பிள்ளைகள் விளக்குவார்கள். விளம்பரத்தின் பாதியை நிறைத்திருந்தது மார்ட்டொனின் படம்: கன்னத்தோடு குண்டை அணைத்தபடி, மார்பில் ஹங்கேரியின் பெயரோடு. அதன் கீழே "உலகச் சம்பியன்களின் தெரிவு, சர்வதேசத் தரம், 3 கிலோ" என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதியிருந்தார்கள். அந்த வீராங்கனைக்கும் கொழும்பில் பொதி அனுப்பும் இந்தக் கடைக்கும் எந்தத் தொடர்பும் இருக்க முடியாது என்பது யோசித்தால் விளங்கும். நான் யோசிக்கவில்லை. பிள்ளை படத்தைப் பார்த்த பார்வையில் 7,400 ரூபாவும் அதன் மேல் விநியோகத்துக்கு 450 ரூபாவும் கொடுக்கச் சம்மதித்துவிட்டேன். கடையின் பெயரை எழுதப்போவதில்லை. பெயரை மாற்றிக்கொண்டு இன்னொரு பக்கம் திறப்பது இவர்களுக்கு அரைமணி நேர வேலை. எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்வதே வாசிப்பவர்களுக்குப் பயன்படும்.

நான்காம் நாள் பொதி வந்தது. எங்கள் வீடு மூன்றாம் மாடி, மின்தூக்கி இல்லை. கொண்டுவந்த பையன் வாசலில் அதை வைத்துவிட்டு மூச்சு வாங்கியபடி, "மொகக்த மே, கல்த?" (என்ன இது, கல்லா?) என்று சிங்களத்தில் கேட்டான். கல் என்பது இரண்டு மொழியிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதால் எனக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. விநியோகத்தில் எனக்குக் குறையேதும் இல்லை; சொன்ன நாளில் வந்தது, அட்டைப்பெட்டி கிழியாமல் வந்தது, பணத்தைக் கையில் வாங்கிக்கொண்டு பற்றுச்சீட்டும் தந்தார்கள். இந்த வியாபாரத்தில் நேர்மையாக நடந்துகொண்டவர் அந்தப் பையன் ஒருவர்தான்.

பெட்டியைத் திறந்தபோது முதலில் வந்தது வாசம். புது எனாமல் தீந்தையின் வாசம். இரண்டு நாள் வீடு முழுக்க நின்றது. நிறம் பளிச்சென்ற பச்சை, ஹங்கேரிக் கொடியின் பச்சைதான் என்று பிள்ளை சந்தோஷப்பட்டாள். கையில் எடுத்துப் பார்த்தால், வார்ப்பு அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த இடத்தில் ஒரு வரம்பு பூமத்திய ரேகை போலச் சுற்றி ஓடியது. அதை அரத்தால் ராவாமல் மேலே தீந்தை பூசியிருந்தார்கள். குண்டை உள்ளங்கையில் வைத்துப் போடுவதில்லை. விரல்களின் அடிமூட்டில் வைத்துத்தான் போடுவது. அந்த வரம்பு சரியாக அங்கேதான் அறுக்கும். நான் சொல்லி முடிக்குமுன் பிள்ளை மோதிர விரலின் அடியைத் தேய்த்துக்கொண்டாள்.

பிறகு அதைச் சீமெந்துத் தரையில் மெதுவாக உருட்டிப் பார்த்தோம். இது எங்கள் பழைய பீ.ரி. மாஸ்டர் சொல்லித்தந்த சோதனை, காசு செலவில்லாதது. மையம் சரியாக உள்ள குண்டு நேராக ஓடி நிற்கும். இது ஓடிப்போய், தயங்கி, இடப்பக்கம் சரிந்து, பின்னுக்கு ஒருமுறை ஆடி நின்றது. எத்தனை முறை உருட்டினாலும் தீந்தை சொட்டுவிட்டுக் காய்ந்த அதே பக்கம்தான் கீழே வந்தது. உள்ளே பாரம் ஒரு பக்கமாக இருக்கிறது என்பது அதிலேயே தெரிந்துவிட்டது. கீழ்வீட்டு அம்மா மேலே வந்து என்ன சத்தம் என்று கேட்டதோடு அந்தச் சோதனையை நிறுத்திக்கொண்டோம்.

குளியலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். அது ஒருமுறை 2.6 என்றும் மறுமுறை 3.1 என்றும் காட்டியது. அதனால்தான் அடுத்த நாள் காலை குண்டைத் துணிப் பையில் போட்டுக்கொண்டு வெள்ளவத்தைச் சந்தைக்குப் போனது. வழக்கமாக நாங்கள் வாங்கும் மரக்கறிக் கடைக்காரர் பையைத் திறந்து பார்த்து, "ஐயா, இது எந்த ஊர்ப் பூசணிக்காய்?" என்று கேட்டார். விடயத்தைச் சொன்னதும் அவருக்கும் ஆர்வம் வந்துவிட்டது. முதலில் தம்முடைய ஒரு கிலோப் படிக்கல்லைத் தராசில் வைத்து, 1.000 என்று வந்ததை எனக்குக் காட்டினார். அதன் பிறகு குண்டு உருளாமலிருக்க இரண்டு கரட்டுகளை முட்டுக்கொடுக்கப் போய், அவற்றையும் சேர்த்து நிறுத்துவிட்டோம் என்று உணர்ந்து, அவற்றை எடுத்துவிட்டுத் தேங்காய்க்கு வைக்கும் தகர வளையத்தை வைத்துத் தராசைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, மீண்டும் நிறுத்தார். 2.810. வெண்டிக்காய் வாங்க நின்ற பெண்ணொருவர் "நல்லா ஏமாத்திப்போட்டாங்கள்" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

இனி அளவு. பதினெட்டு வயதுக்குட்பட்ட பெண்களுக்கு உலக மெய்வல்லுநர் விதிப்படி 3 கிலோக் குண்டு. அதன் விட்டம் 85 மில்லிமீற்றருக்கும் 110 மில்லிமீற்றருக்கும் இடையில் இருக்கலாம். எடையில் அந்தத் தாராளம் இல்லை: மூன்று கிலோ என்பது போட்டியில் அனுமதிக்கப்படும் ஆகக் குறைந்த எடை. ஒரு சில கிராம் கூடினால் நட்டம் போடுபவருக்கு. ஒரு கிராம் குறைந்தாலும் நடுவர் அதை வட்டத்துக்குள் விட மாட்டார். நூலைச் சுற்றி அளந்தபோது இந்தப் பச்சைக் குண்டின் சுற்றளவு 31.4 சென்ரிமீற்றர், அதாவது விட்டம் 100 மில்லிமீற்றர். இந்த அளவுள்ள உருண்டை முழுக்க வார்ப்பிரும்பாக இருந்தால் மூன்றே முக்கால் கிலோவுக்குக் கிட்ட நிற்க வேண்டும். முழு வார்ப்பிரும்பில் மூன்று கிலோ செய்தால் விட்டம் 93 மில்லிமீற்றர் அளவில்தான் வரும். ஆகவே உள்ளே வெற்றிடமோ, மலிவான நிரப்பலோ இருக்கிறது. அதுவும் நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக. வெளிக்கூடு உலோகமாக இருந்து உள்ளே ஈயமோ வேறு திண்மமோ நிரப்புவதை விதி அனுமதிக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். நல்ல விலையுள்ள குண்டுகள் பலவும் அப்படிச் செய்யப்பட்டவைதான். நிரப்பியதில் தவறில்லை, அதைச் சீராகவும் முழுதாகவும் நிரப்பாததுதான் தவறு.

கடையோடு வட்ஸ்அப்பில் நடந்த பேச்சு மூன்று நாள் நீடித்தது. "அன்பான வாடிக்கையாளரே" என்று தொடங்கிய முதல் பதிலில், பக்கத்தில் குறிப்பிட்ட எடை பொதியுடன் சேர்ந்த எடை என்றார்கள். அட்டைப்பெட்டியையும் சேர்த்துப் போட வேண்டுமா என்று கேட்டேன். இரண்டாம் நாள், ஐந்து சதவீத வித்தியாசம் இரும்புப் பொருட்களில் சாதாரணம் என்றார்கள். மூன்று கிலோவில் ஐந்து சதவீதம் 150 கிராம், குறைந்திருப்பது 190 கிராம் என்று கணக்கை அனுப்பினேன். மூன்றாம் நாள், பயன்படுத்திய பொருளைத் திருப்பி எடுப்பதில்லை என்றும், அடுத்த கொள்வனவில் 500 ரூபா கழித்துத் தருவதாகவும் பதில் வந்தது. தரையில் சில முறை உருட்டியதுதான் பயன்பாடு. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு முறையிடப் போவதாகச் சொன்னதும் பேச்சு நின்றுவிட்டது, பணமும் வரவில்லை. முறைப்பாட்டைத் தொடராமல் விட்டது என் சோம்பல். அதைக் கடையின் கணக்கில் எழுத மாட்டேன்.

பயிற்சிக்குத்தானே, கொஞ்சம் பாரம் குறைந்தால் என்ன என்று வீட்டில் ஒரு கட்சி இருந்தது. அந்தக் கட்சிக்குப் பதிலைப் பிள்ளையே சொன்னாள். காலையில் ரயில் பாதையைக் கடந்து வெள்ளவத்தைக் கடற்கரைக்குப் போய், ஆட்கள் இல்லாத இடமாகப் பார்த்து ஈர மணலில் போட்டுப் பழகுவது எங்கள் வழக்கம். குண்டு விழுந்த இடத்தில் சோற்றுக் கோப்பை அளவில் ஒரு குழி விழும். நாங்கள் நாடாவை இழுத்து வருவதற்குள் அதன் அடியில் தண்ணீர் ஊறிவிடும். பச்சைக் குண்டோடு போன முதல் நாள் அவள் 9 மீற்றரைத் தாண்டினாள். அவளுடைய பாடசாலைத் தூரம் அதற்கு அரை மீற்றர் குறைவு. சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், குழியைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "பெரியப்பா, இது பொய்த் தூரம்" என்றாள். இலேசான குண்டில் கை முந்திவிடுகிறது, கால் தள்ளுவதற்கு முன் தோள் திறந்துவிடுகிறது. பாடசாலைக் குண்டை எடுத்ததும் அந்தப் பழக்கம் முழங்கையில் வலியாக வந்து நிற்கிறது. ஆசிரியையும் அதையே சொல்லி, அந்தக் குண்டை இனித் தொட வேண்டாம் என்றார். பாரம் குறைந்த குண்டைத் தெரிந்தே, அளவாகப் பயன்படுத்திப் பயிற்றுவிக்கும் முறையும் இருக்கிறதுதான். மூன்று கிலோ என்று நம்பி 2.81 கிலோவைப் போடுவதை அதில் சேர்க்க முடியாது.

இரண்டாவது குண்டை வாங்கப் புறக்கோட்டைக்குப் போனோம். குறுக்குத் தெருவொன்றில், வலைகளும் உதைபந்துகளும் கூரையிலிருந்து தொங்கும் பழைய விளையாட்டுப் பொருள் கடை. விளம்பரம் கிடையாது, முகநூல் பக்கம் கிடையாது, சுவரில் எந்த வீராங்கனையின் படமும் கிடையாது. 2023 இல் புடாபெஸ்டில் உலகச் சம்பியன் போட்டி நடந்தது என்பதைக்கூட முதலாளி என் பெறாமகள் சொல்லித்தான் அறிந்தார். ஆனால் மூன்று கிலோ வேண்டும் என்றதும் அவர் செய்த முதல் வேலை, மேசைத் தராசின் மேல் கிடந்த பில் புத்தகத்தை எடுத்துத் தள்ளி வைத்தது. உள்ளேயிருந்து மூன்று குண்டுகளைச் சாக்கோடு கொண்டுவரச் சொல்லி, ஒவ்வொன்றாக வைத்தார். 3.040, 3.015, 2.990. மூன்றாவதைத் திருப்பி உள்ளே அனுப்பிவிட்டு, "அது கடைக்கு வந்த பிறகுதான் தெரியும் சேர், சும்மா உருட்டி விளையாடக் கேட்டா குடுப்பம்" என்றார். பிறகு பிள்ளையைப் பார்த்து, "மகள், கண்ணை மூடிட்டு ரெண்டையும் எடுத்துப் பாருங்க, கை எதைச் சொல்லுதோ அதை எடுங்க" என்றார். அவள் கண்ணை மூடி, இரண்டையும் மாறி மாறி விரலடியில் வைத்துப் பார்த்து, 3.015 ஐ எடுத்தாள். சுற்றளவு 29.2 சென்ரிமீற்றர். அவளுடைய சிறிய கைக்கு இந்த ஏழு மில்லிமீற்றர் வித்தியாசம் பெரிய ஆறுதல். முன்னையதைப் பெருவிரலும் சுண்டுவிரலும் இரண்டு பக்கமும் எட்டிப்பிடிக்க வேண்டியிருந்தது.

விலை 6,200 ரூபா. பேரம் பேசியதில் இருநூறு குறைத்தார், அதையும் சிரித்துக்கொண்டு செய்தார். இந்தக் கடையிலும் குறையில்லாமல் இல்லை. குண்டின் கறுப்புத் தீந்தை மட்டமானது. மூன்றாம் வாரத்திலேயே சில்லுச் சில்லாக உரிந்து, கடற்கரை உப்புக் காற்றில் அடியில் துரு பிடித்துவிட்டது. இப்போது ஒவ்வொரு நாளும் துடைத்துத் தையல் மெஷின் எண்ணெய் தடவி வைக்கிறோம். தேங்காயெண்ணெய் தடவியபோது எறும்பு வந்தது. அச்சு வரம்பை ராவித்தான் இருக்கிறார்கள், ஆனால் ஓரிடத்தில் அரம் ஆழமாக இறங்கி ஒரு தட்டை விழுந்திருக்கிறது. பில் கையால் எழுதியது, என்ன வாங்கினோம் என்பதை அதிலிருந்து கண்டுபிடிக்கவே முடியாது. கடைக்குள் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வெளியே நிற்க வேண்டும். இவற்றையெல்லாம் சேர்த்தாலும் பத்துக்கு எட்டு கொடுப்பேன். பச்சைக் குண்டுக்கு இரண்டு. அந்த இரண்டும் பொதி கொண்டுவந்த பையனுக்குரியவை.

இதையெல்லாம் வைத்து மார்ட்டொனின் காணொளிகளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவருடைய படத்தைக் கேட்காமல் எடுத்து இலேசான குண்டை விற்றது அவருடைய பிழையன்று. நான்கு கிலோவை 19.87 மீற்றருக்குப் போட்ட ஒருவரின் படத்தை, எடையைத் திருடிய பொருளின் மேல் ஒட்டுவதற்குத் தனியான துணிவு வேண்டும். பிள்ளை இப்போதும் அந்த ரியோக் காணொளியைப் பார்க்கிறாள், ஆனால் வேறு மாதிரி. வேகத்தைக் கால்பங்காகக் குறைத்து, கால் தரையைத் தொடும் கணத்தில் நிறுத்தி, இடக்கை எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு, கறுப்புக் குண்டைக் கழுத்தில் வைத்துக் கண்ணாடி முன்னால் நின்று சரிபார்க்கிறாள். கழுத்தில் துருவும் எண்ணெயும் கலந்த ஒரு பழுப்பு வட்டம் எப்போதும் இருக்கிறது. பாடசாலைச் சட்டைக் கழுத்துப்பட்டியில் அது படிவது பற்றித் தம்பியின் மனைவி என்னோடுதான் சண்டைக்கு வருகிறார். பச்சைக் குண்டு கடற்காற்றில் பல்கனிக் கதவு அடிக்காமலிருக்க முட்டாக நிற்கிறது. உருளாமலிருக்க ஒன்றும் வைக்கத் தேவையில்லை, பாரமான பக்கம் தானாகவே கீழே போய்விடும்.

புறக்கோட்டைக் கடைக்குப் போக நினைப்பவர்களுக்கு: வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகைக்காகச் சாத்தியிருப்பார்கள், இரண்டு மணிக்குப் பிறகுதான் திறப்பார்கள். சனிக்கிழமை போனால் தெருவில் நடக்கவே இடமிருக்காது. நூலும் அளவு நாடாவும் கொண்டுபோங்கள், முதலாளி கோபிக்க மாட்டார். தடித்த துணிப் பையொன்றும் கட்டாயம் கொண்டுபோங்கள். கடையில் தரும் பொலித்தீன் பை மூன்று கிலோவைத் தாங்காது. எங்களுடையது மிதக்கும் சந்தைக்குக் கிட்ட அறுந்து, குண்டு நடைபாதையில் உருண்டு போக, கடலைக்காரர் ஒருவர் அதைக் காலால் தடுத்து நிறுத்திவிட்டு அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டார்.